குறுக்குச் சோதனை

செவ்வாய்க்கிழமை
ஆய்வகத்தில், பம்ப் சத்தத்துக்கு நடுவில்

மரியாதைக்கும் கேலிக்கும் ஒருங்கே உரிய சீனியர் அவர்களுக்கு, முன்னாள் ஜூனியரும் இந்நாள் மனைவியுமான நான் எழுதுவது.

வீட்டில் இருவரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. "அவர்கள்" என்று போட்டதைப் பார்த்துப் பயந்துவிடாதே. அது முதல் வரிக்கு மட்டும்தான். இனி வழக்கம்போல நீ, வா, போ.

ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் அத்தை ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அவர் இல்லாத நேரத்திலும் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ "சரி, விடு, பாத்துக்கலாம்" என்று பாதியிலேயே முடித்துவிடுகிறாய். நானும் பெரிய மனுஷி போல விட்டுவிடுகிறேன். மின்னஞ்சல் அனுப்பினால் நீ மாடிப்படி ஏறிக்கொண்டே படிப்பாய். காகிதம் என்றால் ஒரு இடத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். உட்கார்.

ஒரு மாதமாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. ஆய்வகத்துக்கும் உலை அறைக்கும் நடுவே இருக்கும் தாழ்வாரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று எனக்கே தெரியாது. தாழ்வாரத்தைப் பெருக்கும் அக்கா நேற்றுத் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "நீ நடந்தே தரையைத் தேச்சிட்ட, நான் எதத் தொடைக்கிறது" என்று கேட்டார்.

காரணம் உன் கல்தான். இரண்டு வருஷத்துக்கு முன் நீ உலையில் வளர்த்தெடுத்த அந்தக் கறுப்புப் படிகம். முப்பத்தொரு கெல்வினுக்குக் குளிர்த்தினால் அதன் மின்தடை ஒரேயடியாகச் சைபருக்கு விழுகிறது, இது புதிய மீகடத்தி என்று நீயும் நம் கைடு சாரும் கட்டுரை எழுதினீர்கள். அதை நம்பித்தான் இன்று நீ கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறாய். உன் புதுத் தலைவர் உன்னை எடுத்ததே அந்த முப்பத்தொன்றுக்காக. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமும் அதன்மேல்தான் நிற்கிறது. அதே கலவையில் புதுக் கற்கள் வளர்த்து, அந்த விழுகையை இன்னும் நுணுக்கமாக அளக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அத்தையிடம் முப்பத்தொரு டிகிரி என்று சொன்னபோது, முப்பது வருஷம் நர்ஸாக இருந்த பழக்கத்தில், "அவ்வளவு எறங்கினா ஆள் பொழைக்க மாட்டாங்களே" என்றார். இது நம் தெர்மாமீட்டர் கணக்கில் சைபருக்கும் கீழே இருநூற்று நாற்பத்திரண்டு என்று விளக்கினேன். 

கேள், நான்கு கற்கள் வளர்த்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் உலை, ஒரு வாரம் மெருகேற்றல், அரை நாள் கம்பி ஒட்டல். நான்கிலும் ஒன்றும் விழவில்லை. குளிரக் குளிரத் தடை குறைகிறது, குறைந்து ஒரு மதிப்பில் வந்து நிற்கிறது. எந்தச் செம்புத் துண்டும் செய்யக்கூடிய காரியம் இது. சார் வரைபடத்தைப் பார்த்து, "அவன் கை மாதிரி உனக்கு வராதும்மா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடியைத் திரவ ஹீலியத்தில் முக்கியிருப்பேன். உன் கல்லில் தங்கக் கம்பிகளை ஒட்டியது என் கைதானே. நுண்ணோக்கிக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு கம்பிகளையும் வெள்ளிப் பசையில் உட்கார வைத்தது நான். உனக்குத்தான் காப்பிக் கோப்பையைப் பிடித்தாலே கை ஆடுமே.

சார் ஊர் சுற்றப் போகும் புதன்கிழமைகளில் இறுதியாண்டு வகுப்பு என் தலையில். எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்வதில் இருந்து, வளையத்தில் ஓடவிட்ட மின்னோட்டம் பாட்டரியே இல்லாமல் வருஷக்கணக்கில் ஓடுவது வரைக்கும் வந்துவிட்டோம். போன வாரம் கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண், "மேடம், தடை இல்லாததால மீட்டர் சைபர் காட்டுதா, இல்ல மீட்டருக்கு ஒண்ணும் வந்து சேராததால காட்டுதா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. குறுக்குச் சோதனை பற்றிக் கரும்பலகையில் படம் போட்டுக் கால் மணி நேரம் விளக்கினேன். விளக்கி முடித்ததும் வகுப்பைப் பத்து நிமிஷம் முன்னாலேயே விட்டுவிட்டேன்.

இன்னொரு விஷயம். வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு மாணவி சாருக்கு எழுதியிருக்கிறாள். உன் கட்டுரையைப் படித்து அதே கல்லை வளர்க்க ஒன்றரை வருஷமாக முயல்கிறாளாம். பதினோரு கற்கள். ஒன்றிலும் வரவில்லை. அவளுடைய கைடு, இந்த வருஷக் கடைசிக்குள் காட்டு, இல்லாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். "நான் செய்யும் தவறு என்ன என்று தயவுசெய்து சொல்லுங்கள்" என்று கடைசி வரி. சார் அதை எனக்குத் தள்ளிவிட்டு, உலை வெப்பநிலைகளை எழுதி அனுப்பு என்றார். ஒன்பது நாள் ஆகிறது, நான் இன்னும் அனுப்பவில்லை.

வீட்டுச் செய்தி என்றால், குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. மருந்துக்கடைக்காரரிடம் அத்தை, தம் மகன் கண்டுபிடித்த கல்லில் இன்னும் கொஞ்ச நாளில் ரயில் மிதக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்த மனிதர் நான் மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் எந்த வழித்தடம் என்று கேட்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் பழைய கல் உன் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சாவியை நீ கொண்டுபோய்விட்டாய். பூட்டைத் திறந்து அதை எடுத்து இன்னொரு முறை குளிர்த்திப் பார்க்கப் போகிறேன். பழையதில் வந்து புதியதில் வராவிட்டால் என் வளர்ப்பில் கோளாறு என்று மனசு அடங்கும். அனுமதி கேட்டது போலவும் இருக்கட்டும், சொல்லிவிட்டுச் செய்தது போலவும் இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. அந்தக் குளிரில் காதை மூடாமல் நடக்காதே.

எப்போதும் போல உன்
ஜூனியர்


வெள்ளிக்கிழமை
வீட்டில், அத்தை வெளியே போன நேரத்தில்

என் சீனியருக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. போன ஞாயிறு போனில் கல்லைப் பற்றி நான் வாயெடுத்ததும், "அத எதுக்கு இப்ப எடுக்கிற, பழசு, ஒடஞ்சிடும்" என்றாய். அத்தை பக்கத்தில் இருந்ததால் சரி என்று சொல்லி வைத்தேன். செவ்வாய்க்கிழமை பட்டறை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அரை நிமிஷத்தில் இழுப்பறையைத் திறந்து கொடுத்துவிட்டு, "இது பூட்டா, அலங்காரமா" என்று கேட்டுவிட்டுப் போனார். பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் கல் இருந்தது. நான் ஒட்டிய நான்கு கம்பிகளும் அப்படியே இருந்தன. பார்த்ததும் கொஞ்சம் கர்வம்தான்.

புதன்கிழமை காலை ஹீலியம்காரர் வந்தார். "இன்னிக்குப் பாதி கேன்தான், சிக்கனமா வெச்சுக்க" என்று உருட்டிக் கொடுத்தார். கல்லைக் கோலில் பொருத்திக் குடுவைக்குள் இறக்கினேன். நூறு, எண்பது, ஐம்பது. நாற்பது. முப்பத்தைந்து. முப்பத்தொன்றில் கோடு சரிந்து சைபரில் போய்ப் படுத்துக்கொண்டது. உன் கட்டுரையில் உள்ள அதே படம். நான் போட்ட கூச்சலில் சார் பக்கத்து அறையில் இருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார். திரையைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டி, "நான்தான் சொன்னேன்ல, கல்லு நல்ல கல்லு, வளக்கிற கைதான்" என்று உச்சி குளிர்ந்து போனார். அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்குத் தாமே பதில் எழுதிவிடுவதாகச் சொன்னார். தவறு அவளுடையதுதான் என்று எழுதப் போகிறார் என்பது எனக்குப் புரிந்தது. அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

குடுவையில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு ஹீலியம் இருந்தது. வீணாகப் போகட்டும் என்று எழுந்து டீ குடிக்கப் போயிருக்கலாம். கதவு வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மூன்றாவது முறை திரும்பி வந்து குறுக்குச் சோதனையைச் செய்தேன்.

உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே நிதானம் வருகிறது. வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்னோட்டம் விடுகிறோம், உள் கம்பிகள் இரண்டின் வழியாக வோல்டேஜைப் படிக்கிறோம். கல் முழுசாக இருந்து வோல்டேஜ் சைபர் என்றால் அது மீகடத்தி. ஆனால் உள் கம்பிகள் ஒட்டியிருக்கும் பகுதி மட்டும் கல்லில் இருந்து விலகிக்கொண்டால், மின்னோட்டம் அந்தப் பக்கம் வரவே வராது. அப்போதும் மீட்டர் சைபர்தான் காட்டும். அதனால் ஒரு வெளிக் கம்பியில் விட்டு ஓர் உள் கம்பியில் எடுத்துப் பார்க்க வேண்டும். முழுக் கல் என்றால் மின்னோட்டம் போகும். பிளந்த கல் என்றால் போகாது.

போகவில்லை. முப்பத்தொன்றுக்கு மேலே சூடேற்றினால் போகிறது, கீழே இறக்கினால் நின்றுவிடுகிறது. மூன்று தடவை ஏற்றி இறக்கினேன். மூன்று தடவையும் அப்படியே. பிறகு கல்லை வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். ஏடு ஏடாக வளரும் கல்தானே அது. மேல் ஏட்டுக்குக் கீழே முடியை விட மெல்லிய ஒரு விரிசல் ஓரம் முதல் ஓரம் வரை போகிறது. குளிரில் சுருங்கும்போது விட்டுக்கொள்கிறது, சூட்டில் சேர்ந்துகொள்கிறது. மீகடத்தி என்றால் காந்தப் புலத்தை வெளியே தள்ள வேண்டும், ஆனால் காந்த அளவீட்டில் ஒரு சின்னச் சரிவுதான் வந்தது, கல்லில் கொஞ்சம் பகுதிதான் மீகடத்தி என்று கட்டுரையில் எழுதிச் சமாளித்தீர்களே, அதற்கும் இப்போது அர்த்தம் தெரிகிறது. கொஞ்சம் பகுதியும் இல்லை. அது ஒரு சாதாரண உலோகம். நான் வளர்த்த நான்கு கற்களும், அந்தப் பெண்ணின் பதினோரு கற்களும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இரண்டு கடிதம்.

அன்று மத்தியானம் உனக்கு ஞாபகம் இருக்கும். கருத்தரங்குக்கு நாள் நெருங்கிவிட்டது, ஹீலியம் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, அடுத்த கேன் மூன்று வாரம் கழித்துதான். சைபர் வந்த சந்தோஷத்தில் நீ மேசையில் குனிந்து வரைபடம் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "குறுக்குச் சோதனை ஆச்சா?" என்று கேட்டாய். நான் "ஆச்சு" என்றேன்.

ஆகவில்லை. தொடங்கினேன், மின்னோட்டம் போகவில்லை. வெள்ளிப் பசை பிடி விட்டிருக்கும், தொடுப்பில் கோளாறு என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைக் காட்டிலும், அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். கம்பி ஒட்டியது நான். பிடி விட்டது என்று சொன்னால், மறுபடி சூடேற்றி, மறுபடி ஒட்டி, மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அதுவும் என் கையால் கெட்டது என்று ஆகும். உன் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. இதெல்லாம் காரணம், நியாயம் இல்லை. இரண்டு வருஷமாக இதை மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன். நம் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும், எப்படியும் கல் நல்ல கல்தானே, சோதனை செய்திருந்தாலும் சரியாகத்தான் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ என்னை நம்பிக் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பொய் சொன்னேன். அதன்மேல் உன் வேலை நிற்கிறது. இன்னும் மூன்று மாதத்தில் உன் பதவியை நீட்டிக்கலாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பதில் பேச மாட்டேன். ஆனால் சீக்கிரம் எழுது. நான் சாரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. உன் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

அத்தை வரும் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

மன்னிப்பைக் கேட்கக்கூடக் கூச்சப்படும்
உன் ஜூனியர்


திங்கட்கிழமை
தபால் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில்

என் சீனியருக்கு,

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. மூன்று வாரம் காத்திருந்ததில் நகத்தைக் கடித்துத் தீர்த்து, அத்தை என் நாடியைப் பிடித்துப் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தேன். இடையில் வந்த ஞாயிறுகளில் நீ போனில் ஒன்றுமே நடக்காதது போலக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினாய். கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

உறையைப் பிரித்தால் ஆறே வரிகள். "உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அன்றைக்கு எல்லோருக்கும் அவசரம். இதைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதே, இப்போது யாரிடமும் சொல்லவும் வேண்டாம். சமயம் பார்த்து நான் பார்த்துக்கொள்கிறேன். நீ உன் மூன்றாம் அத்தியாயத்தை வேறு கல்லுக்கு மாற்றிக்கொள்." அப்புறம் உன் கையெழுத்து.

படித்துவிட்டு அழுதேன். இப்படி ஒரு மனிதன் கிடைக்க நான் என்ன செய்தேன் என்று அழுதேன். அன்று முழுவதும் பாத்திரம் கழுவும்போது பாடிக்கொண்டிருந்தேன் என்று அத்தையே சொன்னார். ஒரு நாள்தான். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது ஒன்று உறைத்தது. நீ ஆச்சரியப்படவே இல்லை. இரண்டு வருஷ உழைப்பு பொய் என்று ஒருவன் கேள்விப்படுகிறான், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எத்தனை தடவை ஏற்றி இறக்கினாய், விரிசல் எந்தப் பக்கம், பசையா கல்லா, எதுவும் இல்லை. காப்பியில் சர்க்கரை குறைந்தால் ஏழு கேள்வி கேட்பவன் நீ.

ஆய்வகக் கணினியில் அந்த வாரத்துக் கோப்புகளைத் தேடினேன். உன் பழக்கம் தெரியுமே, எதையும் அழிக்க மாட்டாய். தேதியைப் பெயராக வைத்துச் சேமிப்பாய். நான் "ஆச்சு" என்று சொன்னதற்கு மூன்று நாள் கழித்து ஒரு கோப்பு இருக்கிறது. ஒரு வெளிக் கம்பி, ஓர் உள் கம்பி. கடைசிச் சொட்டு ஹீலியத்தில் அளந்திருக்கிறாய். முப்பத்தொன்றுக்குக் கீழே மின்னோட்டம் போகவில்லை. கட்டுரை அனுப்பியது அதற்குப் பதினோரு நாள் கழித்து.

நான் சோதனை செய்த கோப்பைத் தேடியிருப்பாய், இருந்திருக்காது. அதனால் நீயே செய்து பார்த்திருக்கிறாய். நான் சொன்னது பொய் என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. பசை பிடி விட்டிருக்கும் என்று நீயும் நினைத்துக்கொண்டாயா? ஒரே ஆய்வகத்தில், ஒரே சாக்கை, ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோமா? அப்படியென்றால் அடுத்த கேன் வந்தபோது மறுபடி அளந்திருக்கலாமே. கல்லை டப்பாவில் வைத்துப் பூட்டிச் சாவியை ஏன் கடல் தாண்டிக் கொண்டுபோனாய்?

பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு என் பொய் மட்டும்தான் தெரியும். உனக்கு இரண்டும் தெரியும். இதை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது. நான் இரண்டு வருஷம் குற்றவாளி போல வளைய வந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாரம் பாதியாகியிருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று மறைத்தாயா, வேலைக்காக மறைத்தாயா? முதலாவது என்றால் அழுவேன், இரண்டாவது என்றால் கத்துவேன். இரண்டும் கலந்தது என்றால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் அப்படித்தானே செய்தேன். ஆனால் உன் ஆறு வரியில் என்னை மன்னித்தாயே, அதை மட்டும் பொறுக்க முடியவில்லை. மன்னிக்கிற இடத்தில் நீ இல்லை.

இனி நான் செய்தவற்றைச் சொல்கிறேன். புதன்கிழமை அந்தப் பெண்ணுக்கு மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். உன் கற்களில் தவறில்லை, எங்கள் கல் பிளந்தது, முதலில் இருந்தே பிளந்தது என்று. சார் அனுப்பிய பதிலை மறந்துவிடு என்றும் சேர்த்துக்கொண்டேன். மறுநாளே பதில் வந்தது. பாதிப் பக்கம் நன்றி, பாதிப் பக்கம் கோபம். இரண்டும் நியாயம்தான். தன் கை சரியில்லை என்று தையல் வகுப்பில்கூடச் சேர்ந்து பழகினாளாம்.

சாரிடம் வியாழக்கிழமை சொன்னேன். முதலில், "இப்ப எதுக்கும்மா இது, உன் வைவா முடியட்டும்" என்றார். விரிசலின் படத்தையும் இரண்டு வருஷப் பழைய கோப்பையும் மேசையில் வைத்தேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சனிக்கிழமை தாமாகவே கூப்பிட்டு, "பேனா இருக்கா?" என்று கேட்டார். அவரை இவ்வளவு நாளாகக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன்.

அத்தையிடமும் சொல்லிவிட்டேன், மருந்துக்கடைக்காரர் மூலமாக அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று. நான் செய்த பங்கை மட்டும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே முழுவதையும் கேட்டார். மருந்து மாறிப்போனால் உடனே டாக்டரிடம் ஓடுவோம், ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டோம் என்றார். பிறகு, "அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கேட்டு எழுதப் போகிறேன், பதில் வரட்டும் என்றேன். நேற்று நீ போன் செய்தபோது ஸ்பீக்கரைப் போடாமல் என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார், கவனித்தாயா? நான் குழாயைப் பற்றியே பேசினேன். உன்னிடம் இதைக் குரலால் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இத்துடன் பத்திரிகைக்குப் போக வேண்டிய கடிதத்தை வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், அந்தக் கல் மீகடத்தி இல்லை, அனுப்புவதற்கு முன்பே இரண்டு முறை சோதனை தவறியது, இரண்டு முறையும் அதை மறைத்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறேன். இரண்டு முறை என்பதை ஒரு முறை என்று மாற்றி, எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொண்டு அனுப்பிவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். உன் வேலை ஒருவேளை தப்பிக்கும். ஆனால் அது இன்னொரு "ஆச்சு". இந்த முறை சொல்ல நாக்கு எழவில்லை.

சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். நானும் போட்டுவிட்டேன். என் பெயருக்கு மேலே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்தக் கட்டுரையில் நான் ஆசிரியர் இல்லை. தொடுகம்பிகளை ஒட்டித் தந்ததற்கு நன்றி என்று கடைசியில் பொடி எழுத்தில் இருந்தேன், அவ்வளவுதான். நம் இருவர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகப் போவது இதுதான் முதல் தடவை. இதற்காகவா காத்திருந்தோம் என்று தோன்றுகிறது, ஆனாலும் உன் பெயர் பக்கத்தில் இல்லாமல் என் பெயர் அங்கே தனியாக நிற்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அடுத்த மாதம் முதல் தேதி வரை காத்திருப்பேன். அதற்குமேல் இருக்கிறபடியே அனுப்பிவிடுவேன். உன் தலைவரிடம் நீ முந்திக்கொண்டு சொல்லிவிடு, பத்திரிகையில் படித்து அவர் தெரிந்துகொள்ள வேண்டாம். உனக்கு அங்கே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ராத்தூக்கம் போனதே அதனால்தான். வேலை போய், ஒரு பெட்டியோடு நீ வாசலில் வந்து நின்றால், கதவைத் திறப்பது நானாக இருப்பேன். ஒரு வார்த்தை குத்திக்காட்ட மாட்டேன், சாப்பாடு போட்டுவிட்டு உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கையெழுத்துப் போடாமல் வந்தால் உன் அம்மா திறப்பார்.

திட்டிக்கொண்டே போடு. அழுதுகொண்டே போடு. போட்டு அனுப்பு.

உன்னவளாகவே இருக்க ஆசைப்படும்
ஜூனியர்